புகை இல்லாத கங்கு

எங்கள் படுக்கையறை சீலிங்கில் அந்த வெள்ளை வட்டத்தைத் திருகிவிட்டுப் போன அன்று நான் நிறைமாதம். தொண்ணூறுகளின் நடுவில், துபாய் தேராவில், மசாலாச் சாமான் வாசனை மாடிப்படிவரை ஏறிவரும் ஒரு சந்தில், மூன்றாவது மாடி ஃபிளாட். படுக்கையறை ஒன்று, ஹால் ஒன்று, ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத ஒரு சமையலறை. ஏணியில் நின்ற ஆள் வேலை முடிந்ததும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, புகையை அந்த வட்டத்துக்கு நேராக ஊதிக் காட்டினான். அது போட்ட கூச்சலில் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளிவிழுந்தது. குனிய முடிந்திருந்தால் அந்த ஏணியைப் பிடுங்கியிருப்பேன்.

"எதுக்கு இந்த முசீபத்து, இந்தத் தொல்லை?" என்று கூடவே வந்திருந்த நாத்தூரைக் கேட்டேன். கட்டடக் காவலாளியை அங்கே எல்லோரும் நாத்தூர் என்றுதான் சொல்வோம். எங்கள் நாத்தூர் மலையாளி. பாதித் தமிழும் பாதி அவர் பாஷையுமாகப் பேசுவார், அக்கா என்பதற்கு இத்தா என்பார்.

"சட்டமாணு, இத்தா."

"எந்தச் சட்டம்?"

விரலை மேலே காட்டினார். மேலே நான்காவது மாடிக்காரர் வீடு இருந்தது. அதற்கும் மேலே அல்லாஹ் இருந்தான். இரண்டில் எதைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே பொறுமையாகச் சொன்னார்: "புகை வந்தா பெல் அடிக்கும். கீழே என்ற ரூமிலே லைட்டு எரியும். நான் சாவி எடுத்து ஓடி வரும். பெல் அடிச்சில்லெங்கில் ஒண்ணும் பேடிக்கண்டா." பெல் அடிக்காவிட்டால் பயப்படவே வேண்டாம் என்கிறார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்தது! அந்த வாக்கியத்தைத்தான் நாங்கள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டோம்.

கட்டடத்தில் பாதிப்பேர் ஒரே வாரத்தில் அதற்கு முக்காடு போட்டுவிட்டார்கள். பாலிதீன் பையைக் கவிழ்த்து ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் முடிந்தது, எத்தனை மீன் வேண்டுமானாலும் பொரிக்கலாம். என் வீட்டுக்காரர் மட்டும் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு மசாலா மொத்த வியாபாரம் செய்கிற ஆபீசில் வேலை. அல்லாஹ்வுக்கு அடுத்தபடி விசாவுக்குப் பயந்த மனுஷர். ஒரு வண்டிகூட இல்லாத ரோட்டிலும் பச்சை விளக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "சட்டம்னு போட்டுட்டாங்க. மூடி வச்சு, அது விசா குடுத்த கஃபீல் காதுக்குப் போச்சுன்னா ஊருக்கு டிக்கெட்தான்" என்பார். அதனால் நான் ஒரு கையால் மீனைப் புரட்டி, மறு கையால் துண்டை வீசி, ஹால் சீலிங்கில் இருந்த இன்னொரு வட்டத்துக்குக் காற்று போட்டுக்கொண்டிருந்தேன். மாமியாருக்குக்கூட இவ்வளவு பணிவிடை செய்ததில்லை.

பிள்ளை பிறந்தது நல்ல குளிர்காலத்தில். பெண் பிள்ளை. என் உம்மா வந்திருக்க வேண்டியது, விசாவும் எடுத்தாயிற்று, அந்த நேரம் பார்த்து வாப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. அதனால் பிள்ளை பெற்ற நாற்பது நாளைக்கு என்னைப் பார்த்துக்கொள்ள ஷார்ஜாவிலிருந்து வந்தவர் வீட்டுக்காரருடைய அக்கா. அவர் 'லாத்தா' என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். லாத்தாவுக்கு ஊரில் காலேஜில் படிக்கும் ஒரு மகன். லாத்தாவுக்குப் பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. வந்த அன்றைக்கே வீட்டை வலம்வந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். குளிர்காலம் என்பதால் ஏசி ஓடவில்லை. ஏசிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் அட்டையை மடித்துத் திணித்து டேப் ஒட்டினார். படுக்கையறைக் கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வைத்தார்.

"பச்சை உடம்பு புள்ள. ஒரு பொட்டுக் காத்து பட்டாப் போதும், ஜன்னி கண்டுரும். ஒனக்கு வந்தா ஒன்னோட போகாது, புள்ளைக்கும் சேர்த்துத்தான்."

"லாத்தா, மூச்சு முட்டுது."

"முட்டட்டும். நாப்பது கழிஞ்சு எவ்வளவு வேணும்னாலும் இழுத்துக்க."

எங்கள் கடற்கரை ஊர்களில் பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கடியில் நெருப்புச் சட்டி வைப்பார்கள். மண்சட்டியில் அடுப்புக்கரியைக் கனலவிட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள். இடுப்புக்கும் முதுகுக்கும் சூடு ஏறும், உடம்பு இறுகும், பிள்ளையும் கதகதப்பாகத் தூங்கும். துபாயில் சட்டிக்குப் பஞ்சமா, கரிக்குப் பஞ்சமா? கரியில் பகூர் என்று வாசனைப் புகை போடுகிற ஊர், முடுக்குக்கு முடுக்குக் கடை. லாத்தா முதல் நாளே வாங்கிவரச் சொல்லி, சமையலறையில் பற்றவைத்து, பாதி கறுப்பும் பாதி சிவப்புமாக உள்ளே கொண்டுவந்தார். வாசலைத் தாண்டுவதற்குள் பெல் அலறியது. பிள்ளை அலறியது. லாத்தா சட்டியைப் போட்டுவிடாமல் இருந்ததே பெரிது. நாத்தூர் சாவிக்கொத்தோடு மூன்று மாடி ஏறிவந்து நின்றார். சாப்பாட்டுக்கு வந்திருந்த வீட்டுக்காரர் அவரிடம் ஏதோ கொலை செய்துவிட்டவர்போல மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

லாத்தா தோற்பவர் இல்லை. மறுநாள் சட்டியை பால்கனியில் வைத்து, விசிறி விசிறி, கரி முழுக்கப் பழுத்து, மேலே சாம்பல் பூத்து, துளிப் புகைகூட இல்லாமல் ஆகும்வரை காத்திருந்தார். பிறகு அதைத் துணிபிடித்துத் தூக்கிக்கொண்டுபோய், பெல்லுக்கு நேர் கீழே நின்று, அண்ணாந்து பார்த்தார்.

"இப்பக் கத்து பாப்போம்" என்றார்.

அது கத்தவில்லை. லாத்தா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஒரு கவர்மெண்டையே ஜெயித்த சிரிப்பு. வீட்டுக்காரருக்கும் நிம்மதி. சட்டத்தையும் மீறவில்லை, ஊர் வழக்கத்தையும் விடவில்லை. நாத்தூர் ஒருமுறை வந்து எட்டிப்பார்த்து, புகை இல்லை, பிரச்சினை இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார். லாத்தாவுக்கு ஒரே ஒரு குறை, சாம்பிராணி போட முடியவில்லை. வெள்ளி ராவு பிறக்கும் வியாழக்கிழமை அந்தியில், மஃரிபுக்குச் சாம்பிராணிப் புகை இல்லாத வீடும் ஒரு வீடா என்று புலம்பியபடி, டப்பாவைக் கட்டில் பக்கத்து மேசையில் சும்மா வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை எந்த வரிசையில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்கள் என் நினைவில் ஊறவைத்த துணிமூட்டை மாதிரிக் கிடக்கின்றன, ஒன்றை இழுத்தால் வேறொன்று வருகிறது. தலைவலி முதலில் வந்தது என்று நினைக்கிறேன். நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டியதுபோல ஒரு வலி. அப்புறம் குமட்டல். அப்புறம் புத்தி தடுமாறத் தொடங்கியது.

ஒருநாள் சமையலறையில் நிற்கிறேன், கையில் கரண்டி இருக்கிறது, எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது, "எப்ப வந்தீங்க மச்சான்? சோறு போடவா?" என்று கேட்டேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். உம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான் பிறந்து வளர்ந்த தெருவின் பேர் வரவில்லை. முகம் முகமாக ஆட்கள் வருகிறார்கள், திருப்பத்துப் பள்ளிவாசல் வருகிறது, பேர் மட்டும் வரவில்லை. பயந்துபோய் அழுதேன். கொஞ்ச நேரத்தில் எதற்கு அழுதேன் என்பதும் மறந்துவிட்டது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வீட்டுக்காரர் தூக்கம் போதவில்லை என்றார். கிளினிக் டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக்கொடுத்தார். அதைக் குடித்தால் குமட்டல் இரண்டு மடங்கானது. லாத்தா கண்ணூறு என்றார். பார்க்க வந்தவர்களில் யாரோ பிள்ளையைப் பார்த்து 'மாஷா அல்லாஹ்' சொல்லாமல் போனது அவருக்குத் தெரியும், யார் என்றும் தெரியும், என்னிடம் மட்டும் சொல்லமாட்டாராம். மிளகாய் வற்றலைத் தலைசுற்றிச் சட்டியில் போட்டார். நெடி ஏறியதும் பெல் அலற, நாத்தூர் ஓடிவர, மூன்று பேருமாக இருமிக்கொண்டு கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டோம். அன்று சாயங்காலம் எனக்குத் தலைவலி விட்டுவிட்டது. "பாத்தியா, கண்ணூறுதான்" என்றார் லாத்தா. எனக்கும் அப்படித்தான் பட்டது. எப்படிப் படாமல் இருக்கும்? கண்ணால் பார்த்தேனே.

மறுநாள் ஜன்னல்கள் சாத்தப்பட்டன, தலைவலி திரும்பி வந்தது. லாத்தாவும் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, துபாய்த் தண்ணீர் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஷார்ஜாத் தண்ணீர் ஏதோ வேறு கடலிலிருந்து வருகிறதுபோல. வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் தலைவலித்தது. வேலைக்குப் போனால் சரியாகிவிடுகிறது என்றார். லீவு நாளில் தலைவலிக்கிற முதல் ஆள் நீங்கள்தான் என்று கிண்டல் செய்தேன். துணி காயப்போடுகிற சாக்கில் பால்கனிக்குப் போனால் எனக்குத் தெளிந்துவிடும். கீழே வண்டிகள், எதிர் மாடியில் காயும் லுங்கிகள், எல்லாம் அவையவை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும், தெருவின் பேர்கூட வந்துவிடும். அதற்குள் லாத்தா முக்காட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவார். உள்ளே வந்தால் மறுபடி மூட்டம். வெளியே போனால் சரியாகிறது, உள்ளே வந்தால் கெடுகிறது. இதைச் சின்னப் பிள்ளைகூடக் கூட்டிப் பார்த்துவிடும். ஆனால் கூட்டிப்பார்க்க வேண்டிய மூளையே அங்கே மூழ்கிக் கிடந்தது. என் புத்தி, நான் ஊரை நினைத்து ஏங்குகிறேன், அதனால்தான் வெளிக்காற்று பிடிக்கிறது என்று ஒரு கதையைக் கட்டி என்னிடமே விற்றது. நானும் வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தாள். முதல் வாரத்தில் கட்டடமே கேட்க அழுதவள், அழுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வாயை விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். எழுப்பினால் கண்ணைத் திறந்து என்னை யாரோ போலப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். "தங்கமான புள்ள. அழுவுற சத்தமே இல்ல" என்றார்கள். வீட்டுக்காரருக்குப் பெருமை. "பெல்லும் கத்துறது இல்ல, புள்ளையும் கத்துறது இல்ல. வீடு இப்பத்தான் வீடா இருக்கு" என்றார்.

எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. பிள்ளை கை நழுவிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று ஒரு பயம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் சொல்லியே விட்டேன்.

"லாத்தா, புள்ள சரியில்ல. இவ நம்ம கையில தங்கமாட்டாளோன்னு இருக்கு."

அவர் என் வாயைப் பொத்தினார். "நாயனே! என்ன பேச்சு பேசுற? கன்னம் ரெண்டும் செவந்து கெடக்கு, சூட்டுல நல்லா ஊறிப்போய்த் தூங்குது. அதைப் போயி..."

"பால் குடிக்கமாட்டேங்குறா."

"நீ நேத்து என்னையப் பாத்து யாருன்னு கேட்டவ. ஒன் பேச்சக் கேக்கவா நான்?"

அப்படி நான் கேட்டேனா என்று எனக்கு நினைவில்லை. கேட்டிருப்பேன். புத்தி பேதலித்தவள் சொல் அம்பலம் ஏறுமா? எனக்கே என் பேச்சில் நம்பிக்கை போயிருந்தது. நான் அண்ணாந்து அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தேன். அது பேசாமல் இருந்தது. அதில் எப்போதும் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் இல்லாததால்தானே அது பேசாமல் இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நெருப்பில்லாமல் புகையாது என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். புகையாமலும் நெருப்பு தன் வேலையைச் செய்யும் என்று யாரும் சொன்னதில்லை.

அந்த வியாழக்கிழமை மழை. துபாயில் மழை என்றால் தெருவெல்லாம் குட்டை, ஆபீசெல்லாம் பாதி காலி. குளிர் அதிகம் என்று லாத்தா சட்டியில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரி போட்டு, பால்கனிக் கூரையின் கீழ் வைத்துப் பழுக்கவைத்து, கட்டிலுக்கடியில் தள்ளினார். மழைச்சாரல் வரும் என்று ஜன்னல் விளிம்பில் இன்னொரு துணியையும் செருகினார். வீட்டுக்காரர் மதியம் வந்து சாப்பிட்டுவிட்டு, சரக்கு நனைந்துவிடும் என்று மறுபடி ஆபீசுக்கு ஓடினார். லாத்தா பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். நான் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன்.

விழித்தபோது மணி என்ன என்று தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் மங்கலாக இருந்தது. லாத்தாவின் கையிலிருந்து தஸ்பீஹ் நழுவித் தரையில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. "லாத்தா" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டதாக நினைத்தேன், சத்தம் வந்ததா என்று தெரியாது. பிள்ளையின் பாதத்தைக் கிள்ளினேன். அசையவில்லை. இன்னும் பலமாகக் கிள்ளினேன். கால் லேசாக இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான், முனகல்கூட இல்லை. அவளைத் தூக்கவேண்டும், கதவைத் திறக்கவேண்டும் என்று ஒரு கணம் தெளிவாக நினைத்தேன். கைகள் என் கைகளாக இல்லை.

அடுத்த கணம் நான் ஊரில் இருந்தேன். சத்தியமாக ஊரில்தான் இருந்தேன். மழை ஓட்டில் விழுகிறது. மஃரிபு ஆகிவிட்டது. உம்மா உள்ளேயிருந்து, "வெள்ளிக்கிழமை ராவு, சாம்பிராணி போட்டியா இல்லியா?" என்று சத்தம் போடுகிறார். போடவில்லையே, மறந்துவிட்டேனே என்று பதறினேன். மேசையில் டப்பா இருந்தது. கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்தேன். முழங்கை வலித்ததாக நினைவு. கட்டிலுக்கடியில் கங்கு பழுத்துக் கிடந்தது, எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். ஒரு சிட்டிகை போடவேண்டிய இடத்தில் ஒரு டப்பா.

வெள்ளையாகப் புகை குபுகுபுவென்று எழுந்து கட்டிலை மூடியது. பெல் அலற ஆரம்பித்தது. "இந்த முசீபத்து ஒண்ணு" என்று எரிச்சலாக நினைத்ததுதான் கடைசி.

மற்றதை நாத்தூர் சொல்லித்தான் கேட்டேன். கீழே லைட் எரிந்ததும், மறுபடியும் மிளகாயா என்று திட்டிக்கொண்டேதான் வந்தாராம். தட்டியும் யாரும் திறக்கவில்லை என்றதும் தன் சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறார். படுக்கையறைக் கதவைத் தள்ளியதும், அடியிலிருந்த துண்டு தடுக்கியிருக்கிறது. முதலில் பிள்ளையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடியிருக்கிறார். அப்புறம் எதிர் ஃபிளாட்காரரையும் கூப்பிட்டு எங்களை இழுத்திருக்கிறார்கள். லாத்தாவை இழுக்கத்தான் இரண்டுபேரும் திணறிப்போனார்களாம்.

ஆஸ்பத்திரியில் எனக்கும் லாத்தாவுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மூக்கிலும் வாயிலும் மாஸ்க். பிள்ளை எனக்கு இந்தப்பக்கம், கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்றுக்குள் தலையை வைத்துக் கிடந்தாள். அதற்குள்ளும் ஆக்சிஜன் விட்டிருந்தார்கள். டாக்டரம்மா ஹிந்தியில் வீட்டுக்காரரிடம் கேட்டார், வீட்டுக்குள் என்ன எரித்தீர்கள் என்று. அவர் நனைந்த சட்டையோடு நின்றுகொண்டு, ஒன்றும் எரிக்கவில்லை, கரிச்சட்டி மட்டும்தான், அதிலும் புகையே இல்லை, எங்கள் வீட்டில் ஃபயர் அலாரம் இருக்கிறது, நாங்கள் மூடிவைக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் ஒழுங்காகச் செய்த பையன்போலச் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து ஒரு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, புகை இல்லை. மூச்சில் போய் ரத்தத்தில் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், மறதி, தூக்கம் எல்லாம் அதனால்தான். உங்கள் சீலிங்கில் இருப்பது புகையைக் கண்டால் மட்டும் கத்தும். இந்த வாயுவுக்கு என்று தனியாக வேறு கருவி இருக்கிறது, சில நாடுகளில் வீடுகளில் வைக்கிறார்கள், உங்களிடம் இருப்பது அது இல்லை.

"ஆனா பெல் அடிக்கலையே, டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். விளக்கி முடித்த பிறகும் அதையே கேட்டார். கொஞ்சநேரம் கழித்து, "அப்ப சட்டத்துல ஏன் இதை மட்டும் போட்டாங்க?" என்று கேட்டார். டாக்டரம்மா பிள்ளையின் சார்ட்டை எடுத்துப் புரட்டினார்.

நான் வேண்டுமென்றே சாம்பிராணியைக் கொட்டி நாத்தூரை வரவழைத்தேன் என்று ஒரு பேச்சு அன்றைக்கே கிளம்பிவிட்டது. என்ன புத்தி, என்ன சமயோசிதம் என்று வீட்டுக்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். இன்றுவரை எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். உம்மா சத்தம் போட்டார், அதனால் போட்டேன் என்று நான் சொன்னால் அடக்கம் என்கிறார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் தெளிவாக இருந்த ஒருத்தி இதைச் செய்துவிட்டு, என்னிடம் உம்மா குரலில் பொய் சொன்னாளா? நம்புவதற்கு ஆசையாக இருக்கிறது. நம்ப முடியவில்லை.

மறுநாள் காலை பிள்ளை அழுதாள். முதலில் ஒரு முனகல், அப்புறம் ஒரு சிணுங்கல், அப்புறம் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வீறிடல். முகமெல்லாம் கசங்கி, கால்களை உதைத்து, பசி, பசி என்று அழுதாள். நர்ஸ் அவளை எடுத்து என் மார்பில் வைத்ததும் முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. என் பிள்ளை எனக்குக் கிடைத்துவிட்டாள். வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லாத்தா மாஸ்க்கைக் கீழே இறக்கிக்கொண்டு, கட்டிலில் ஒருக்களித்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் டீ வாங்கப் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு, புள்ள."

எனக்கு விளங்கவில்லை. "மூத்ததுன்னா?"

"இப்ப படிக்கிறவனுக்கு மேல ஒண்ணு. ஆம்பளப் புள்ள. ஒனக்குத் தெரியாது. தம்பி அப்ப சின்னப் புள்ள, அவனுக்கும் நெனவிருக்காது. ஊட்டுல யாரும் பேசமாட்டாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதுவும் இப்படித்தான் அழுவாது. தங்கமான புள்ளன்னாங்க. எனக்குத் தலைவலி தாங்கல, ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் தூங்குன நேரம் எந்திரிச்சு, ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வச்சிக்கிட்டேன். காத்து நல்லா இருந்துச்சு. சாயங்காலம் அசருக்கு மாமி வந்து பாத்தாங்க, புள்ள இல்ல. ஜன்னிதான், நீ காத்தை உட்டுக் கொன்னுட்டேன்னாங்க."

நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு ஜன்னல்களை லாத்தா ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தது என் கண்முன்னால் வந்தது.

"என் கட்டிலுக்கடியிலயும் சட்டி இருந்துச்சு, புள்ள" என்றார். "அப்ப, நான் தொறந்ததுனால போகலையா? மூடிக் கெடந்ததுனால போச்சா?"

எனக்கு என்ன தெரியும்? அது ஓட்டு வீடாக இருந்திருக்கும், இடுக்கெல்லாம் காற்று வரும். பிள்ளைகள் அந்தக் காலத்தில் எத்தனையோ விதமாகப் போயின. டாக்டரம்மாவைக் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. லாத்தா என் முகத்தையே பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்புக்குள் அவ்வளவு சின்னப் பெண் ஒருத்தி இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"ஆமா லாத்தா. தொறந்ததுனால போகல" என்றேன்.

அது உண்மைதானா என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. லாத்தா மல்லாந்து படுத்து, அந்தப் பையனுக்கு வைத்திருந்த பேரைச் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்தப் பேரை நான் கேட்டது அன்றுதான். ஒருமுறை சொன்னார், இன்னொருமுறை கூப்பிடுவதுபோலச் சொன்னார், பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.